பூச்சாடித் தீவில் நான் அடியழித்த கதை

உங்களுக்கு வேறு வேலை இல்லையா? அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லையா? ஒரு கிழவி கோடையில் எங்கே போனாள், அங்கே என்ன செய்தாள், வந்த பிறகு ஏன் ஒரு கிழமையாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள் என்று விடுப்புக் கேட்பதற்கென்றே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். விடுப்புக் கேட்கிற, வம்பளக்கிற ஆட்களை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. நானும் அந்த இனம்தான், அதனால்தான் தெரியும்.

சரி, கேட்டுத் தொலையுங்கள். என் மகளுக்கு மட்டும் சொல்லக்கூடாது. அவள் எட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். வாசிப்பதென்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும், அதற்குள் போன் அடித்துவிடும். அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை கண்டால் உங்கள் வீட்டுப் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது ரொறன்ரோப் பக்கம், மில்லிக்கனில், ஒன்பதாம் மாடியில், ஓர் அறை வீட்டில். பிரிட்ஜைத் திறந்தால் குசினிக்குள் ஆள் நிற்க இடமில்லை. ஆனால் வாசல் பூட்டின் திறப்பு என் கையில் இருக்கிறது. கீழே இறங்கி ரோட்டைக் கடந்தால் பிளாசா. மீன்கடைக்காரர் என்னைக் கண்டால் நல்ல மீனை ஒளித்துவைப்பார், நான் கண்டுபிடித்துவிடுவேன். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. பாண்கடையில் ஒரு ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வாசல் வாங்கில் உட்கார்ந்தால், பகல் சாப்பாட்டுக்குள் ரொறன்ரோவில் யாருக்கு யார் கலியாணம் பேசுகிறார்கள் என்று முழுதும் தெரிந்துவிடும்.

என் மகள் இருப்பது மிசிசாகாவில். பெரிய வீடு, நல்ல வீடு. பாண் வாங்குவதென்றாலும் கார் எடுக்கவேண்டும். பகல் முழுக்க யன்னலருகே இருந்தால் தபால்காரரைப் பார்க்கலாம், அவரும் நின்று கதைக்கமாட்டார். அதோடு அந்த வீட்டுக் குசினி என் சம்பந்தியம்மாவின் ஆட்சி. மருமகனின் தாய். ஊரில் டீச்சராக இருந்தவர், இப்போது கறிச்சட்டிகளுக்குப் படிப்பிக்கிறார். எங்கள் வழக்கப்படி நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிடுவது மட்டும்தான் வழக்கப்படி.

போன மாரியில் பஸ் தரிப்பில் ஐஸில் சறுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். மகள் ஆஸ்பத்திரியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, இதுதான் கடைசி. இன்னொருக்கா விழுந்தீங்களெண்டா அப்பார்ட்மென்டைக் குடுத்திட்டு எங்களோட வாறீங்கள். ஒரு கதையும் இல்லை."

சும்மா பயம் காட்டி வெருட்டுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த மாதம் போனபோது நிலத்துக்கடியில் இருக்கிற பேஸ்மன்ற் அறையைக் காட்டினாள். எனக்கென்று யன்னலுக்குப் புதுச் சீலை தொங்கவிட்டிருந்தாள், மஞ்சள் பூப் போட்டது. அன்றிலிருந்து கண்ணை மூடினாலும் எனக்கு அந்தப் பூதான் தெரிந்தது.

இளவேனிலில் மருமகனுக்கு விமான நிலையத்து வேலை நிரந்தரமானது. அந்தச் சந்தோசத்தில் எல்லோரும் வடக்கே ஒரு தீவுக்குப் போவோம் என்றார்கள். காரில் நாலு மணித்தியாலம், பிறகு படகு, பிறகு நடை.

"நீங்கள் தீவில பிறந்தனீங்கள்தானே அம்மா, உங்களுக்குப் பிடிக்கும்," என்றாள் மகள். "கல்லும் வேரும் உள்ள பாதையாம். ஏலாதெண்டா சொல்லுங்கோ, ஒரு பிரச்சினையும் இல்லை."

அவள் பிரச்சினை இல்லை என்றால் பிரச்சினை இருக்கிறது. ஏலாது என்றால் மஞ்சள் பூ. போய் விழுந்தாலும் மஞ்சள் பூ. போய் விழாமல் வந்தால்தான் ஒன்பதாம் மாடி.

"நான் முன்னுக்கு நடக்கிறன், நீ மூச்சு வாங்காமல் பின்னால வா," என்றேன்.

விடியற்காலையில் வான் புறப்பட்டது. நானும் சம்பந்தியம்மாவும் நடு சீற்றில். நான் புட்டும் முட்டைப்பொரியலும் கட்டிக்கொண்டு போனேன். அவர் பாணும் இறைச்சிக்கறியும் கொண்டுவந்தார். இரண்டு சாப்பாடும் எங்கள் இருவருக்கும் நடுவில், எல்லையில் நிற்கிற இராணுவம் போல இருந்தது.

"மச்சாள், அங்க நடக்க ஏலாட்டி படகுக்குள்ளயே இருங்கோ," என்றார் சம்பந்தியம்மா, பாதி வழியில். "வெக்கப்படாதையுங்கோ. வயசு எல்லாருக்கும் வரும்."

"உங்களுக்கு வந்து கனநாளெல்லே மச்சாள்," என்றேன். "எனக்கு இனித்தான்."

மருமகன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

டொபர்மோரி என்று ஒரு சின்னத் துறைமுகம். அங்கே படகுக்கு அடியில் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். தீவுக்குப் போகும் வழியில் படகை நிறுத்தி, எந்தக் காலத்திலோ தாண்டு மூழ்கிப்போன ஒரு மரக்கப்பலைத் தண்ணீருக்கடியில் காட்டினார்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு, பலகையில் ஆணி தெரிகிறது. வெள்ளைக்காரர் எல்லாம் ஆவென்று பார்த்தார்கள். சம்பந்தியம்மா ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடித் தேவாரம் தொடங்கிவிட்டார்.

"அம்மா, அது ஹிஸ்ரறி," என்றார் மருமகன்.

"ஹிஸ்ரறி எண்டா கரையில வைச்சுக் காட்டலாமே. நாங்கள் படகில போகேக்க ஏன் காட்டிறாங்கள்?"

அந்த ஒரு விசயத்தில் நான் அவர் பக்கம். ஆனால் சொல்லவில்லை. அவர் பயப்படுவதைப் பார்க்க எனக்குப் புட்டுத் தின்றது போல இருந்தது.

தீவு சின்னத் தீவு. வீடு இல்லை, கடை இல்லை, ஒரு கோழி கூட இல்லை. கரையோரம் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. அடி சிறுத்து, தலை பெருத்து, தலைக்கு மேலே மரம் முளைத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பூச்சாடித் தீவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூச்சாடி வைத்திருந்தவன் வைத்த பெயர். எங்களைக் கேட்டிருந்தால் உரல் தீவு என்றிருப்போம்.

மகள் என் கையை, பொலிஸ் பிடித்துக்கொண்டு போவது போலப் பிடித்திருந்தாள். முதல் உரல் வரைக்கும் பொறுத்தேன். பிறகு கையை உதறினேன்.

"விடு பிள்ளை. உன்னைப் பாத்து நான் நடந்தா நான்தான் விழுவன்."

அவளும் மருமகனும் படம் எடுக்க முன்னால் போனார்கள். நான் நடுவில், சம்பந்தியம்மா எனக்குப் பின்னால். இரண்டாவது உரல் முதலாவதைவிடப் பெரிது. நாலு ஆள் உயரம் இருக்கும், அதற்கு மேலும் இருக்கலாம். தலையில் நிற்கிற மரம் எப்படித் தண்ணி குடிக்கிறது என்று அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவுதான். ஒரு வேர் என் சப்பாத்தைப் பிடித்து இழுத்தது. இரண்டு முழங்காலும் நிலத்தில், இரண்டு கையும் முன்னால், நெற்றி மண்ணில்.

சத்தம் கேட்டு மகள் திரும்பியிருக்கவேண்டும். "அம்மா!" என்று ஒரு கத்தல்.

நோவு பிறகுதான் வந்தது. முதலில் வந்தது மஞ்சள் பூ. நெற்றி மண்ணில் இருக்க, நான் என்னைப் பார்த்தேன். முழங்கால் மடித்து, கை நீட்டி, தலை நிலத்தில். இந்தக் கோலத்தை எனக்குத் தெரியும். திருவிழா நேரம் ஆண்கள் கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை பண்ணுவார்கள். பெண்கள் பின்னால் மூன்றடி நடந்து, நிலத்தில் விழுந்து கும்பிட்டு, எழும்பி, மறுபடி மூன்றடி நடந்து கும்பிடுவோம். அடியழிப்பது என்று அதற்குப் பெயர். ரொறன்ரோவிலும் தேர் நாளில் கார்த் தரிப்பிடத்தில் செய்கிறார்கள். கண்டதில்லையென்றால் போய்ப் பாருங்கள்.

"முருகா!" என்றேன், நெற்றியை எடுக்காமல், நல்ல உரத்து.

பிறகு எழும்பினேன். எப்படி எழும்பினேன் என்று கேட்காதீர்கள். கை கூப்பி மூன்றடி வைத்தேன். மறுபடி விழுந்தேன்.

மகள் ஓடி வந்து நின்றாள். "என்னம்மா செய்யிறீங்கள்?"

"நேர்த்திக்கடன் பிள்ளை."

"என்ன நேர்த்தி? எப்ப வைச்சனீங்கள்?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "மருமகனுக்கு வேலை நிரந்தரமாக வேணுமெண்டு வைச்சனான். கிடைச்சிட்டுது. கடனை வைச்சிருக்கலாமோ?"

மருமகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமி... எனக்காகவோ?"

"வேற ஆருக்கு, தம்பி."

மகள் லேசுப்பட்டவள் இல்லை. "இது ஒரு கல்லு அம்மா. கோயில் இல்லை."

உரலை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தேன். முருகா, மன்னித்துக்கொள். "வேல் மாதிரி நிக்கிது, உனக்குத் தெரியேல்லையோ? கண்டவுடனேயே எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீ தள்ளி நில்."

அப்போது பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். சம்பந்தியம்மா. அவரும் முழங்காலில் நின்று நெற்றியை மண்ணில் வைத்திருந்தார். அவருடைய மகனுக்கு நான் நேர்த்தி வைப்பதா? அவர் பார்த்துக்கொண்டு நிற்பதா? அதனால்தான் விழுந்திருக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் இரண்டு தலையும் நிலத்தில் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. அவர் வாய் அசையாமல் சொன்னார்:

"வேர் தட்டி விழுந்ததை நான் கண்டனான் மச்சாள்."

எழும்பினோம். கை கூப்பினோம். மூன்றடி. விழுந்தோம்.

"சொல்லப் போறியளோ?" என்றேன் மண்ணுக்கு.

"எழும்புங்கோ. அவள் பாக்கிறாள்."

மூன்றடி. விழுந்தோம்.

"இதில நிப்பாட்டினா பிடிபடுவியள். கல்லைச் சுத்தி வரவேணும்."

"சுத்தியோ? என்ர முழங்கால்..."

மூன்றடி. விழுந்தோம்.

"உங்கட முழங்காலோ, உங்கட வீடோ? யோசிச்சுக்கொண்டு எழும்புங்கோ."

டீச்சராக இருந்தவர் என்று சொன்னேன் அல்லவா? விழவும் எழும்பவும் கூட அவர்தான் கட்டளை போட்டார்.

"நீங்கள் ஏன் எனக்கு உதவி செய்யிறியள்?" என்று அடுத்த விழுகையில் கேட்டேன்.

"உங்களில இரக்கமெண்டு நினையாதையுங்கோ. நீங்கள் வந்தா என்ர குசினிக்குள்ள நிப்பியள்."

அதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு பெலம் வந்தது. அன்பு என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். இது நம்பக்கூடிய காரணம்.

கல்லின் பின்பக்கம் போகும்போது சனம் சேர்ந்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி தன் நாயையும் உட்காரச் சொன்னாள், நாயும் உட்கார்ந்தது. மருமகன் அவர்களுக்கு ஏதோ ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டு வந்தார். மகள் ஒவ்வொரு விழுகையையும் எண்ணிக்கொண்டு வந்தாள்.

அந்த நேரம் பார்த்து, அந்தப் பூங்காவில் வேலை செய்கிற ஒரு பிள்ளை, பச்சைச் சட்டை போட்டவள், ஓட்டமாக வந்தாள்.

"இஸ் ஷீ ஓகே? டிட் ஷீ ஃபால்?"

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு இல்லை. ஆனால் மாவுக்கட்டுப் போட்ட அன்றிலிருந்து அந்த ஒரு சொல் எனக்கு நன்றாகத் தெரியும்.

"நோ ஃபால்," என்றேன், மண்டியிட்டபடி. கையை மேலே காட்டினேன். "காட்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பார்த்தாள். நான் போட்டிருந்தது வெள்ளைச் சுரிதார். வலது முழங்காலில் ஒரு சிவப்பு வட்டம், ரூபாய்க் காசுக் குத்தி அளவில், மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை பார்ப்பதை மகள் பார்த்தாள். மகள் பார்ப்பதை நான் பார்த்தேன். மஞ்சள் பூ கண்ணுக்கு முன்னால் காற்றில் ஆடியது.

"ஐயோ, கொட்டுண்டு போச்சு!" என்று ஒரு கத்தல்.

சம்பந்தியம்மாவின் கைப்பைக்குள் எப்போதும் கோயில் பொட்டலங்கள் இருக்கும். அதில் ஒன்றைப் பிரித்து, கை தவறியது போல, முழுவதையும் என் முழங்காலில் கவிழ்த்துவிட்டார். குங்குமம். இரண்டு முழங்காலும் சிவப்பு, சுரிதார் சிவப்பு, கல் சிவப்பு. மிச்சத்தை விரலில் எடுத்து எனக்கு ஒரு பொட்டு, தனக்கு ஒரு பொட்டு, பச்சைச் சட்டைப் பிள்ளைக்கும் ஒரு பொட்டு வைத்தார். அந்தப் பிள்ளை "தாங்க் யூ, தாங்க் யூ" என்று கும்பிட்டாள். நெருப்பு மட்டும் மூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் குங்குமம் காயத்தில் எரிந்த எரிவு இருக்கிறதே! என் கண்ணில் தண்ணீர் ஓடியது. மகள் அதைப் பக்தி என்று நினைத்துத் தானும் அழுதாள்.

தீவின் மற்றப் பக்கத்தில் ஒரு வெளிச்சவீடும் கற்குகைகளும் இருக்கின்றனவாம். நான் பார்க்கவில்லை. "நேர்த்தி முடிச்சாப் பிறகு வேடிக்கை பாக்கக்கூடாது," என்று சம்பந்தியம்மா ஒரு சட்டம் போட்டார். அப்படி ஒரு சட்டம் எந்தக் கோயிலிலும் இல்லை. இரண்டு பேரும் இறங்குதுறைக்கு மெதுவாக வந்து, மருமகன் விரித்துத் தந்த துவாயில் அரசிகள் போல உட்கார்ந்துவிட்டோம்.

படகில் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "முப்பத்தொரு தரம் அம்மா. நான் எண்ணினனான். முப்பத்தொரு தரம் விழுந்து எழும்பினீங்கள். எனக்கே ஏலாது. உங்களில இவ்வளவு ஸ்ரெந்த் இருக்கெண்டு எனக்குத் தெரியாது."

ஒருதரம் விழுந்தால் வீட்டைக் கொடுக்கவேண்டும், முப்பத்தொரு தரம் விழுந்தால் பாராட்டு. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவள் எண்ணியதிலும் ஒன்று பிழை. முதலாவதைச் சேர்த்திருக்கக்கூடாது.

"வயசு போனா விழுறதெல்லே பிள்ளை பயம்," என்றேன். "எழும்பத் தெரிஞ்சா என்ன பயம்?"

"ஓம் அம்மா," என்றாள். "நீங்கள் உங்கட அப்பார்ட்மென்டிலயே இருங்கோ. நான் இனி அதைப்பற்றிக் கதைக்கேல்லை."

கீழே கண்ணாடிக்கடியில் அந்தப் பழைய கப்பல் மறுபடி வந்தது. இம்முறை எனக்கு அது வடிவாக இருந்தது.

பின்னேரம், பக்கத்தில் நீலத் தண்ணீர் உள்ள ஒரு குகை இருக்கிறது என்று மகளும் மருமகனும் பார்க்கப் போனார்கள். நாங்கள் இருவரும் வானுக்குள் கதவைத் திறந்து வைத்து, காலை நீட்டிக்கொண்டு, ஒரே போத்தல் நோவெண்ணெயை மாறி மாறிப் பூசினோம். நான் அவருடைய இறைச்சிக்கறியைத் தின்றேன். அவர் என் புட்டைத் தின்றார். எல்லையில் இராணுவம் இல்லை.

"உங்களுக்கு ஏன் மச்சாள் இவ்வளவு நோகுது?" என்று கேட்டேன். "நீங்கள் சும்மாதானே விழுந்தனீங்கள்."

அவர் தன் சேலையைச் சற்று உயர்த்தி இடது காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே பழைய கண்டல், பச்சையும் மஞ்சளுமாக.

"ரெண்டு கிழமைக்கு முதல் பேஸ்மன்ற் படியில. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"ஏன்? உங்களை என்ன செய்யப் போகினம்? நீங்கள் ஏற்கெனவே அவையோடதானே இருக்கிறியள்."

"அதுதான் மச்சாள்," என்றார். "உங்களை வெருட்ட அவைக்கு எங்கட வீடு இருக்கு. என்னை வெருட்டிறதெண்டா எங்க அனுப்புவினம்? எனக்கு அது தெரியாது. தெரியாததுதான் பயம்."

நான் நோவெண்ணெய்ப் போத்தலை மூடினேன்.

"வெள்ளிக்கிழமைகளில மருமகனை என்ர வீட்ட கொண்டுவந்து விடச் சொல்லுங்கோ," என்றேன் பிறகு. "ஞாயிறு பின்னேரம் போகலாம். பிளாசாவில வாங்கு இருக்கு, விடுப்பு இருக்கு. ஆனா ஒண்டு. என்ர குசினிக்குள்ள நீங்கள் கால் வைக்கக்கூடாது."

"உங்கட குசினிக்குள்ள என்ன இருக்கு கால் வைக்க," என்றார். ஆனால் வருகிறேன் என்றார். வந்துகொண்டும் இருக்கிறார். முதல் வெள்ளிக்கிழமையே என் தூள் போத்தல்களை எல்லாம் இடம் மாற்றிவிட்டார். மஞ்சள் பூச் சீலையையும் கொண்டுவந்து என் யன்னலில் போட்டுவிட்டார். இங்கே பார்த்தால் அது அவ்வளவு மோசமில்லை.

நான் யாருக்கும் ஒன்றும் சொல்வதாக இருக்கவில்லை. மருமகன்தான் பெருமையில் போனில் எல்லோருக்கும் படம் அனுப்பிவிட்டார். தீவிலிருந்து வந்த அடுத்த நாள் பிளாசாவுக்குப் போக லிஃப்டால் இறங்கினால், கீழே வாசலில் பக்கத்து வீட்டுக்காரியும், ஏழாம் மாடியில் இருக்கிற தமிழ்நாட்டுக்காரி ஒருவரும், இன்னும் இரண்டு பேரும் எனக்காகக் காத்து நின்றார்கள்.

"ஏம்மா, அந்தக் கல்லு அவ்வளவு சக்தியா?" என்றார் தமிழ்நாட்டுக்காரி. "பொண்ணுக்கு மூணு வருஷமா வரன் தேடுறேன். நெசமா சொல்லுங்க, கேட்டது கிடைக்குமா?"

இல்லை என்று சொன்னால் கதை மிசிசாகாவுக்கு மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஓம் என்று சொன்னால் முருகன் கோபிப்பார். அதனால் உள்ளதையே சொன்னேன்.

"மற்றவைக்கு என்ன குடுக்குமெண்டு எனக்குத் தெரியாது. நான் அந்தக் கல்லுக்கு முன்னால ஒண்டே ஒண்டுதான் கேட்டனான். படகு கரைக்கு வர முதலே தந்திட்டுது."

நாலு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி அப்போதே பஸ் பிடித்து எல்லோரும் போவோம் என்று ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து, தன் முழங்காலைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"முப்பத்தொரு தரமெண்டு சொல்லுகினம். கஸ்ரமோ அக்கா?"

"முதல் தரம்தான் நோகும்," என்றேன். "பிறகு பழகீடும்."